வயிற்றில் எழுந்த இரு சொற்கள்: ‘தி எக்ஸார்சிஸ்ட்’ – ஒரு மறுவாசிப்பு

வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கத்தில் 1973 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் வெளியான ‘தி எக்ஸார்சிஸ்ட்’ பாங்கோசையுடன் தொடங்கும் ஒரு திரைப்படம். அதைப் பார்த்தவர்களில் பலரும் இதை மறந்துவிடுகின்றனர். தலை முழுவதுமாகத் திருகுவதையும், பச்சை வாந்தியையும், சிறுமி கட்டிலை விட்டு அந்தரத்தில் எழுவதையும் நினைவில் வைத்திருப்போர் முதற் பகுதி ஈராக்கில் நிகழ்வதை நினைவுகூர்வதில்லை. சுடும் வெயில், புழுதி, அகழாய்வுக் குழிகள், வயது முதிர்ந்த பாதிரியார் ஒருவர், மண்ணிலிருந்து வெளிப்படும் ஒரு சிறு தலையுரு. வடக்கு ஈராக்கில் மோசூல் நகருக்குத் தெற்கே உள்ள ஹத்ரா என்னும் தொல்நகரின் இடிபாடுகளில் இக்காட்சிகளுள் சில படமாக்கப்பட்டன. 1985-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற அந்நகரின் சிற்பங்களை 2015-இல் ஐ.எஸ். அமைப்பினர் சம்மட்டிகொண்டு உடைத்ததை உலகம் காணொளியில் கண்டது. இன்று அக்காட்சியைப் பார்க்கும்போது கதையை விட்டு நம் கண்கள் பின்னணியில் நிற்கும் தூண்களிலேயே தங்கிவிடுகின்றன.

இத்தொடக்கத்தைக் கீழைத்தேயவியலுக்கு ஓர் எடுத்துக்காட்டு என எழுதி முடித்துக்கொள்வது எளிது. பாங்கு கேட்கும் மண்ணிலிருந்து ஒரு தீமை தோண்டி எடுக்கப்படுகிறது; சற்று நேரத்தில் அது வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில், புகழ்பெற்ற நடிகை ஒருவரின் வீட்டுப் பரணில் ஓசை எழுப்பத் தொடங்குகிறது. நோய் கிழக்கிலிருந்து வருகிறது. இக்குற்றச்சாட்டு பொய்யன்று. எனினும் குற்றம் சாட்டுவோரின் கவனத்திற்கும் தப்பிவிடும் ஒன்று உண்டு. படத்தில் வரும் பசூசு மெசொப்பொத்தேமியரின் காற்றுப்பேய். கி.மு. முதலாம் ஆயிரமாண்டில் அசீரிய, பாபிலோனியப் பெண்கள் அதன் தலையுருவைத் தாயத்தாக அணிந்தனர். கருவுற்ற பெண்களையும் பச்சிளங் குழந்தைகளையும் கொல்ல வரும் லமாஷ்து என்னும் பெண்பேயை விரட்டும் ஆற்றல் பசூசுவுக்கு உண்டு என்பது அவர்களது நம்பிக்கை. கொடியதைக் கொடியதால் தடுப்பது. படத்திலேயே ஈராக்கியர் ஒருவர் இதே பொருள்பட ஒரு வரி சொல்கிறார். பாதிரியார் கேட்டுக்கொள்கிறார். அதன் பின் கதை அந்த வரியைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை. தாயத்தை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு விவாதம். பெண்கள் தம் உடலையும் மகவையும் காத்துக்கொள்ளக் கழுத்தில் கட்டிய ஓர் உரு, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைச் சிதைக்கும் உருவாக இப்படத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. கிழக்கு இழிவுபடுத்தப்பட்டது என்பதைவிட இந்த மாற்றமே நமக்கு முதன்மையாகப் படுகிறது. ஏனெனில் படம் முழுவதிலும் நிகழ்வது இதுவே: பெண்ணிடம் இருந்தது பெண்ணுக்கு எதிராகத் திருப்பப்படுகிறது.

இப்படத்தை நாம் மீண்டும் பார்த்தது திருப்பூரில். பின்னலாடைத் தொழிலில் உள்ள நண்பர்கள் சிலர் விடுமுறை நாட்களில் ஒருவர் வீட்டில் கூடிப் படம் பார்ப்பதும் பேசுவதும் வழக்கம். 2000-இல் சில காட்சிகள் சேர்க்கப்பட்டு மறுவெளியீடு கண்ட வடிவம் கிடைத்திருந்தது. இந்நகரின் முதல் பின்னலாடைக் கூடத்தை 1925-ஐ ஒட்டி நிறுவியவர் என்று சொல்லப்படும் குலாம் காதர் காலந்தொட்டே முஸ்லிம்களுக்கும் இத்தொழிலுக்கும் உறவு உண்டு. அன்று கூடியிருந்தவர்களிலும் முதலாளி, தையற்காரர், செக்கிங் செய்யும் பெண், கணக்கு எழுதுபவர் எனப் பல தரத்தினர் இருந்தனர். பேய் பிடித்தல் என்பது இவர்களுக்கு அயல்நாட்டுக் கற்பனையன்று. ஓதிய தண்ணீரும், தர்காவில் தங்கிய இரவுகளும், கோடாங்கியின் உடுக்கையும் ஏதோ ஒரு தலைமுறையில் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆகவே அஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அஞ்சவேண்டிய இடங்களில் பெரும்பாலும் சிரித்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் திகில் காட்சிகள் பழகிப்போகும், அது இயல்பே. மருத்துவமனைக் காட்சியில் மட்டும் அறை அமைதியாயிற்று.

படத்தின் தலைசிறந்த பகுதி அதுவே என்பது நம் கருத்து. சிறுமி ரீகனின் நடத்தை மாறுகிறது. தாய் கிறிஸ் அவளை மருத்துவர்களிடம் அழைத்துச் செல்கிறாள். முதலில் மாத்திரை. பிறகு மூளையின் பக்கமடலில் கோளாறு என்ற ஐயம். பிறகு கழுத்துத் தமனியில் ஊசி செலுத்தி மையம் ஏற்றி எடுக்கும் ஊடுகதிர்ப் படம். ஃப்ரீட்கின் இக்காட்சியில் இசை எதையும் சேர்க்கவில்லை. இயந்திரத்தின் அதிர்வொலி, உலோகத் தட்டுகள் மாறும் ஓசை, கழுத்திலிருந்து பீறிடும் இரத்தம், வலியில் சுருங்கும் சிறுமியின் முகம், அவ்வளவே. இதில் பேய் இல்லை, ஒப்பனையும் இல்லை. எல்லாரும் தத்தம் வேலையைத் திறம்படச் செய்கின்றனர். ஒருவர்கூடக் கொடியவர் அல்லர். இறுதியில் நீள்மேசையைச் சுற்றி அமர்ந்த மருத்துவர்கள் தம் அறிவு தீர்ந்துவிட்டதை நாசூக்காக ஒப்புக்கொண்டு, பேயோட்டும் சடங்கு ஒன்றை முயன்று பார்க்கலாம் என்கின்றனர். பேய் இருக்கிறது என்பதற்காக அல்ல. பேய் இருப்பதாக நம்பும் நோயாளிக்கு அதை ஓட்டியதான நம்பிக்கையும் மருந்தாகலாம் என்பதற்காக. எண்பத்தெட்டு மருத்துவர்கள் சேர்ந்து சொல்வது இதுதானா என்று தாய் சீறுகிறாள்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரீகனிடம் மனநல மருத்துவர் ஒருவர் பேச முற்படும் காட்சி படத்தில் உண்டு. அவளை அறிதுயிலில் ஆழ்த்தியபின் அவர் பேசுவது அவளோடு அன்று. அவளுக்குள் இருப்பதாகக் கருதப்படும் ஒருவரோடு. பாதிரியார் கர்ராஸும் பின்னர் அதையே செய்கிறார். நீ யார், எங்கிருந்து வந்தாய், ஏன் இவளைப் பிடித்தாய்? நம் ஊர்க் கோடாங்கி கேட்பதும் இவையே. பீடிக்கப்பட்டவளின் வாயிலிருந்து வரும் குரலுக்குப் பெயர் கேட்கப்படுகிறது, ஊர் கேட்கப்படுகிறது, வேண்டுவது என்ன என்று பேரம் பேசப்படுகிறது. அவ்வாய்க்கு உரியவளிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. அன்று எங்களோடு படம் பார்த்த செக்கிங் வேலை செய்யும் பெண்மணி, படம் முடிந்ததும் மற்றவர்கள் இயக்குநரின் திறம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், “ஏனுங்க, அந்தப் புள்ளகிட்ட ஒருத்தருமே ஒண்ணுமே கேக்கலீங்களே?” என்றார். இக்கட்டுரை அக்கேள்வியின் வழியே படத்தைத் திரும்பப் பார்க்கும் முயற்சி.

ரீகன் தானாகப் பேசும் ஓர் இடம் படத்தின் பிற்பகுதியில் உண்டு. கட்டிலில் கட்டப்பட்டு உறங்கும் அவளது இரவுடையை விலக்கி, வீட்டில் பணிபுரியும் பெண் பாதிரியாரிடம் காட்டுகிறாள்: வயிற்றுத் தோலின் கீழிருந்து தழும்புபோல் எழும் இரு சொற்கள், உதவி கேட்டு. வாய் மற்றொருவர் வசமாகிவிட்டதால் வயிற்றில் எழுதுகிறாள். கடும் குளிரில் விறைத்த அறை, மங்கிய விளக்கு. படத்தின் உண்மையான திகில் இங்குதான் இருக்கிறது என்போம். இந்த வேண்டுகோளைப் படம் என்ன செய்கிறது? சடங்கு நடத்த ஆயர் அனுமதி தருவதற்கான சான்றுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. அவள் எழுதியதற்கு எவரும் அவளிடம் விடை சொல்வதில்லை.

இது தற்செயலான விடுபடல் அன்று. வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய நாவலே படத்திற்கு மூலம். அந்நாவலுக்குத் தூண்டுதல் 1949-இல் அமெரிக்காவின் மேரிலாந்திலும் செயின்ட் லூயிஸிலும் ஒரு சிறுவனுக்கு நடத்தப்பட்ட பேயோட்டுச் சடங்கு. சிறுவன் கதையில் சிறுமியானான். நாவலாசிரியர் காரணம் எதுவாயினும் சொல்லட்டும்; பருவத்தின் வாயிலில் நிற்கும் பெண்ணுடல் என்றதும் பார்வையாளரின் அச்சம் வேறாகிவிடுகிறது என்பதைத் திரைத்துறை அறியும். 2000 வடிவத்தில் மீட்கப்பட்ட படிக்கட்டு உரையாடல் இதைவிடத் தெளிவானது. இளைய பாதிரியார் கேட்கிறார்: ஏன் இந்தச் சிறுமி? முதியவரின் விடை ஏறத்தாழ இப்பொருளது: நம்மை நம்பிக்கை இழக்கச் செய்வதே அதன் நோக்கம், மனிதர் என்போர் விலங்குகள், இறையன்புக்குத் தகாதவர்கள் என்று நாமே எண்ணும்படி செய்வது. ஆழ்ந்த விடைதான். பிளாட்டிக்கு இவ்வுரையாடலின் மீது பெரும்பற்று இருந்தது. அதை நீக்கியதற்காக இயக்குநரோடு நெடுங்காலம் முரண்பட்டார். ஆனால் அவ்விடையின்படியும் சிறுமி இலக்கன்று. இலக்கு பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவள் உடல் ஒரு மேடை. போர் வேறு இருவருக்கிடையே. சமயத்தின் தரப்பிலிருந்து பேசும் கதாபாத்திரமும் அவளைத் தாண்டியே பார்க்கிறது.

குரல் பற்றியும் ஒரு செய்தி. பேயின் குரலைத் தந்தவர் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்னும் மூத்த நடிகை. முதலில் வெளியான பிரதிகளில் அவர் பெயர் இடம்பெறவில்லை, போராடியே பெற்றார். அப்படம் பெற்ற இரு ஆஸ்கர் விருதுகளுள் ஒன்று ஒலிக்கானது.

இவ்வளவும் சொன்னபின் ஃப்ரீட்கினுக்கு உரியதை மறுத்தல் நேர்மையாகாது. கர்ராஸின் தாய் பற்றிய பகுதியை வேறெந்தத் திகில் இயக்குநரும் இப்படி எடுத்திருக்க மாட்டார். கிரேக்கத்திலிருந்து குடிபெயர்ந்து நியூயார்க்கின் எளிய குடியிருப்பில் தனித்து வாழும் கிழவி. மனநிலை பிறழ்ந்ததால் பெல்வியூ மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சேர்க்கப்படுகிறாள். மகன் மனநல மருத்துவம் கற்ற பாதிரி, கையில் காசில்லை. நீ பாதிரியாகாமல் மருத்துவத் தொழில் செய்திருந்தால் இவளை நல்ல இடத்தில் வைத்திருக்கலாமே என்கிறார் மாமா. தாய் மகனைப் பார்க்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பணம் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு எண்பத்தெட்டு மருத்துவர்கள். இவளுக்குப் பொதுப் பிரிவின் கட்டில். இதை இயக்குநர் சொல்லிக் காட்டவில்லை, அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். திருப்பூரிலிருந்து பார்ப்போருக்கு அதுவே போதுமானது.

நம் திரைப்படங்கள் இக்கேள்வியை எவ்வாறு கையாண்டன? ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான ‘மணிச்சித்ரதாழ்’ (1993) இவ்வகையில் இந்தியாவின் தலைசிறந்த முயற்சி. பேயென்று காணப்படுவது மனநோய் என்று அது விளக்குகிறது. ஆனால் சடங்கை ஒதுக்காமல் அதையே சிகிச்சை நாடகமாக மாற்றுகிறது. அமெரிக்க மருத்துவர்கள் நீள்மேசையில் சொன்ன யோசனையை இப்படத்தின் மருத்துவர் வெற்றியாக நிறைவேற்றுகிறார் எனலாம். பி. வாசு இயக்கத்தில் அது ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்து (2005) பெருவெற்றி பெற்றபோது மருத்துவர் கதாநாயகராக வளர்ந்து, நோயாளி மேலும் சுருங்கினாள். இரண்டிலும் சிகிச்சையைத் திட்டமிடுவோர் கணவரும் மருத்துவரும் சடங்கு வல்லாரும், கங்காவுக்குத் தெரியாது. ‘காஞ்சனா’ (2011) வழியில் வந்த எண்ணற்ற பேய்ப்படங்களில் நிலைமை வேடிக்கையானது. அவற்றில் பேய்க்கு ஒரு கதை உண்டு, இழைக்கப்பட்ட அநீதி உண்டு, பழிவாங்கும் உரிமையும் உண்டு. பீடிக்கப்பட்ட உடலுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. வாடகை வீடு போல.

திரையை விட்டு ஊர்ப்புறம் சென்றால் சடங்கின் தர்க்கம் இன்னும் துலங்கும். இசபெல் நபோகோவ் என்னும் மானுடவியலாளர் தென்னார்க்காட்டுப் பகுதியில் செய்த களப்பணியின் அடிப்படையில் 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். புதிதாக மணமான பெண்களைப் பேய் பிடிப்பதும் அதை ஓட்டுவதும் அந்நூலின் ஒரு முக்கியப் பகுதி. பிடிக்கும் பேய் பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் அகால மரணம் அடைந்த இளைஞனின் ஆவி. பிடிபடுபவள் கணவனோடு ஒட்டாதவள், தாய்வீடு திரும்பியவள், தனியே நடந்தபோது அஞ்சியவள். பம்பை ஒலிக்க, அவளை ஆடவைத்து, ஆவியின் பெயரை வெளியே கொணர்ந்து, அது குடியிருப்பதாகச் சொல்லப்படும் தலைமயிர்க் கற்றையை வெட்டிப் புளியமரத்தில் ஆணியடிக்கின்றனர். பின்னர் அவள் கணவனிடம் அனுப்பப்படுகிறாள். அவள் ஏன் கணவனோடு ஒட்டவில்லை என்ற கேள்விக்கு ஆவியின் பெயர் விடையாக அமைந்துவிடுகிறது. கேள்வி தீர்ந்தது, மயிர்க் கற்றை மரத்தில்.

தொழிற்கூடத்திலும் இதே நிகழ்ந்திருக்கிறது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் சுதந்திர வணிக வலயத் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம் மலாய் முஸ்லிம் பெண்களைப் பற்றி ஐவா ஓங் 1987-இல் வெளியிட்ட ஆய்வு நூலைத் திருப்பூரில் வாழ்வோர் அனைவரும் படிக்க வேண்டும். 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண்கள் கூட்டங் கூட்டமாகப் பீடிக்கப்பட்டனர். நுண்ணோக்கியில் கண்பதித்து நாள் முழுவதும் வேலை செய்த பெண்களுள் ஏறத்தாழ 120 பேர் 1978-இல் ஒரே ஆலையில் அலறி விழுந்ததால் ஆலையை மூன்று நாட்கள் மூடினர்; போமோ எனப்படும் மந்திரவாதியை அழைத்து ஆட்டை அறுத்தனர். நுண்ணோக்கியில் கறுத்த உருவம் தெரிந்தது, கழிப்பறையில் யாரோ நின்றார் என்பவை அப்பெண்கள் சொன்னவை. மேலாளர்கள் இதைக் கூட்டு மனப்பிறழ்வு என்று பெயரிட்டு, அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தனர். மீண்டும் மீண்டும் பீடிக்கப்பட்டோரை வேலையை விட்டு அனுப்பினர். ஓங் சொல்வது வேறு. வயலிலிருந்து வரிசைக்கு வந்த பெண்களின் உடல் அவ்வேலையின் வேகத்தையும் கண்காணிப்பையும் ஏற்க மறுத்ததன் வடிவமே அது. ஆலை மேலாளரும் மந்திரவாதியும் எதிரெதிர் உலகத்தினர் போலத் தோன்றுவர். ஆனால் இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: அவள் மறுநாள் இருக்கைக்குத் திரும்புதல். ஆட்டை அறுத்தவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

நம் வட்டாரத்தில் இத்தகைய கூட்டுப் பீடிப்பு நிகழ்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நிகழ்வதற்கான வேலை முறை இருந்தது என்கிறோம். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் தென்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவந்ததும், ஆலை வளாகத்து விடுதியில் அடைத்து, வெளியே செல்லவும் வீட்டாரைப் பார்க்கவும் கட்டுப்பாடு விதித்ததும், முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொன்னதும் பல அறிக்கைகளில் பதிவானவை. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்கூடங்களில் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசினர். மாதவிடாய் வலி என்று சொன்னால் உறையில்லா மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்து மீண்டும் தையல் பொறிக்கு அனுப்பினார்கள் என்பது அப்பெண்கள் சொன்னது. அது என்ன மாத்திரை, பக்க விளைவு என்ன என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடியும்வரை வலி வாயடைத்திருக்க வேண்டும், அவ்வளவே. வயிற்றில் எழுதிய சொற்களை இங்கும் எவரும் படிக்கவில்லை.

இதுவரை பிறரைப் பற்றிச் சொன்னோம். இந்த இதழின் வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் நாம் நிறுத்திவிடலாம்: மேற்கின் சினிமா, முதலாளியின் ஆலை, கிராமத்துச் சடங்கு. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்த கொட்டகை நம் வீட்டு முற்றத்தில் இருந்தது. தர்காவை நாடி வரும் மனநோயாளிகளைத் தங்கவைக்கத் தனியார் நடத்திய விடுதிகளுள் ஒன்று அது. நோயாளிகள் இரவில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அடுத்த சில நாட்களில் இத்தகைய விடுதிகள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. தர்கா வேறு, தனியார் விடுதி வேறு என்ற விளக்கம் அப்போது நம்மிடையே பெரிதும் சொல்லப்பட்டது. சட்டப்படி அது சரி. ஆனால் கனவில் ஆணை வரும்வரை நோயாளி அங்கேயே தங்க வேண்டும் என்னும் நம்பிக்கைதான் அவ்விடுதிகளை நிரப்பியது. ஆணை வரும்வரை அவரைக் கட்டிவைக்கலாம் என்று யார் சொன்னார்? கட்டப்பட்டவர்களிடம் யார் கேட்டார்? வறிய குடும்பங்கள் செய்வதறியாமல் விட்டுச் சென்றனர். அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. மாதந்தோறும் அவ்வூருக்குப் பேருந்து பிடித்துச் சென்று ஃபாத்திஹா ஓதித் திரும்பிய நாம், சங்கிலியைப் பார்த்தும் கடந்து போனோம்.

ஜின் மனித உடலில் புகுமா என்பது நம் மரபில் தீர்ந்துபோன கேள்வியன்று. முஃதஸிலாக்களுள் அல்-ஜுப்பாயீ போன்றோர் மறுத்தனர். இப்னு தைமிய்யா உறுதியாக ஏற்றார். அவ்விவாதத்தை இங்கு தீர்க்க நாம் முற்படவில்லை. நமக்கு வேண்டியது இப்னு சீனாவின் நிலைப்பாடு. ‘அல்-கானூன்’ நூலில் மாலன்கோலியா பற்றி எழுதும்போது, இந்நோய் ஜின்னால் வருகிறது என்று மருத்துவர்களுள் சிலர் கூறுவதை அவர் குறிப்பிடுகிறார். மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை. மருத்துவம் பயில்வோராகிய நமக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்கிறார். ஜின்னாலேயே வந்தாலும் அது உடலின் சமநிலையைக் கரும்பித்தமாகத் திருப்பியே நோயாகிறது, எனவே மருத்துவர் பார்க்க வேண்டியது அந்தக் கரும்பித்தத்தை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இவ்வரிகளின் நிதானம் ஜார்ஜ்டவுன் மருத்துவர்களிடமும் இல்லை, பாதிரிகளிடமும் இல்லை. அதற்காக நம் பழைய மருத்துவமனைகளைப் பொற்காலமாகப் பேசவும் வேண்டாம். 1154-ஐ ஒட்டித் தமஸ்கஸில் நூருத்தீன் எழுப்பிய பீமாரிஸ்தானைப் புகழ்வோர், 1184-இல் அங்கு சென்ற பயணி இப்னு ஜுபைர் பித்தர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் எழுதிவைத்திருப்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேட்டல் என்பதற்கு நம் மரபில் இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் நபிமொழி அது. அதா இப்னு அபீ ரபாஹ் என்னும் மக்காவின் அறிஞருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது. சுவனத்துக்குரிய பெண் ஒருவரைக் காட்டட்டுமா என்று கேட்டு, ஒரு கறுப்பினப் பெண்மணியைச் சுட்டுகிறார். அப்பெண் நபிகளாரிடம் (ஸல்) வந்தவர். தமக்கு வலிப்பு வருகிறது, அப்போது தம் ஆடை விலகிவிடுகிறது, தமக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்றார். நபிகளார் உடனே கையேந்திவிடவில்லை. பொறுத்துக்கொண்டால் உமக்குச் சுவனம்; விரும்பினால் நலம் பெறப் பிரார்த்திக்கிறேன் என்று இரண்டையும் அவர் முன் வைத்தார். பொறுத்துக்கொள்கிறேன் என்றார் அப்பெண். பிறகு தம் வேண்டுகோளைத் தாமே திருத்திச் சொன்னார்: ஆடை விலகாதிருக்க மட்டும் பிரார்த்தியுங்கள். அவ்வாறே பிரார்த்தித்தார்கள். பொதுவாக மிம்பர்களில் இது பொறுமையின் சிறப்புக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. நாம் இதை வேறு விதமாகவும் வாசிக்கிறோம். உள்ளே இருப்பது யார் என்ற விசாரணை இந்நிகழ்வில் இல்லை. பீடிக்கப்பட்டவரிடமே கேட்கப்பட்டது. அவர் கேட்டதும் பிறர் அவருக்காக எண்ணியிருக்கக்கூடியதும் வேறு வேறு: அவரது முதல் துயரம் வலிப்பன்று, நினைவு தப்பிய நேரத்தில் பலர் முன் ஆடை விலகிக் கிடப்பது. அதைக் கேட்டால்தான் தெரியும். இரவுடையை விலக்கி வயிற்றைக் காட்டும் அந்தத் திரைக்காட்சியை இதனருகில் வைத்துப் பாருங்கள்.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் (2017) நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடைசெய்கிறது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அதன் ஐந்தாம் பிரிவு: தமக்கு மனநோய் ஏற்பட்டால் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை. குஜராத்தில் ஊனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய ‘தவா–துஆ’ முறையைப் பின்பற்றி ஏர்வாடியிலும் பின்னர் மனநல மருத்துவர்கள் தர்காவின் அருகிலேயே நோயாளிகளைப் பார்க்கலாயினர். மருந்தும் வாங்கலாம், துஆவும் கேட்கலாம். நல்ல ஏற்பாடு. ஐந்தாம் பிரிவு பற்றி ஜும்ஆ உரை எதையும் நாம் இதுவரை கேட்டதில்லை.

படத்தின் இறுதிக் காட்சி பகல் வெளிச்சத்தில் நிகழ்கிறது. பாதிரிகள் இருவரும் இறந்துவிட்டனர். தாயும் மகளும் ஜார்ஜ்டவுனை விட்டுப் புறப்படுகின்றனர். வழியனுப்ப வந்த மற்றொரு பாதிரியாரிடம், நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை என்கிறார் தாய். ரீகன் பக்கத்தில்தான் நிற்கிறாள். முகத்தில் காயத் தழும்புகள் ஆறிவருகின்றன. அவள் எதுவும் சொல்லவில்லை. பாதிரியாரின் வெள்ளைக் கழுத்துப்பட்டையைச் சற்று நேரம் பார்க்கிறாள். பிறகு எட்டி அவர் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொள்கிறாள்.